மயான வைராக்கியர்

வைராக்கியத்தைப் பெரியவர்கள் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். புராணம் கேட்கும்போது வருவது, பிரசவ வலியில் வருவது, மயானத்தில் வருவது. மூன்றுக்கும் ஆயுள் கம்மி. முதல் இரண்டும் இப்போது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. மூன்றாவது மட்டும் சக்கைப்போடு போடுகிறது. அதற்கென்றே தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் தெருக்காரரை வைராக்கியர் என்றே வைத்துக்கொள்வோம்.

வயது ஐம்பத்துச் சொச்சம். தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. துக்கவீட்டில் அவரை அடையாளம் காண்பது சுலபம். ஃப்ரீஸர் பாக்ஸ் மேல் மாலையை வைத்துவிட்டு, சாமியானாவுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஆளிடம் "நேத்து சாயங்காலம்கூடப் பேசிட்டிருந்தேன் சார்" என்பார். செத்துப்போகிற எல்லோரிடமும் முந்தின நாள் சாயங்காலம் பேசியிருப்பார். சாயங்காலங்களில் நான் அவர் எதிரில் போவதில்லை.

ஆனால் துக்கவீடு வெறும் ஒத்திகை. அரங்கேற்றம் மாநகராட்சி எரிவாயு மயானத்தில். உள்ளே கதவு மூடியதும் வெளியே அவருக்கு ஞானக்கண் திறந்துகொள்ளும். சாம்பல் கைக்கு வர எப்படியும் ஒரு மணி நேரமாவது ஆகும். வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தப்ப வழியில்லை.

"மூணு வீடு சார். என்னத்தக் கொண்டு போனாரு? அரைஞாண் கயித்தைக்கூட அறுத்துட்டாங்க."

சங்கல்பங்கள் வரிசையாக வரும். ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் போனை எடுப்பதில்லை. உயில் எழுதிவிடுவது. கிணற்றடித் தகராறில் பத்து வருஷமாகச் சாவுச் செய்தி தவிர வேறு பேச்சில்லாத தம்பியிடம் மனம்விட்டுப் பேசுவது. உயில் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் செல்லும், பதிவுகூடக் கட்டாயமில்லை, நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்கிறவர்தான் என்று புட்டுப்புட்டு வைப்பார். அந்த பெஞ்சில் அவர் பேச்சைக் கேட்டு உயில் எழுதியவர்கள் உண்டு. அவர் எழுதவில்லை.

காதறுந்த ஊசி ஒன்று பட்டினத்தாரைத் துறவியாக்கியது என்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் பிடித்த வைராக்கியம் திருவொற்றியூரில் அவர் சமாதியாகும்வரை விடவில்லை. நம்மவருடையது மயானத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடை வரை வரும். சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொல்லிவிட்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "ஏன் சார், அந்த மூணாவது வீடு, பட்டா யார் பேர்ல இருக்கு?"

ராத்திரி வாட்ஸப்பில் மீதி வரும். மரணப்படுக்கையில் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதாக ஒரு நீளமான உபதேசம். ஜாப்ஸ் இறந்தது 2011 அக்டோபர் 5-ஆம் தேதி. அவருடைய தங்கை மோனா சிம்ப்சனின் இரங்கலுரை அந்த மாதக் கடைசியிலேயே நியூயார்க் டைம்ஸில் வெளிவந்தது. அதன்படி ஜாப்ஸ் கடைசியாகச் சொன்னது 'ஓ வாவ்', அதுவும் மூன்று தடவை, அவ்வளவுதான். பணத்தைப் பற்றியோ படுக்கையைப் பற்றியோ மனிதர் மூச்சு விடவில்லை. இதை வைராக்கியரிடம் சொன்னேன். "யார் சொன்னா என்ன சார், கருத்து நல்லாருக்குல்ல?" என்றார். அடுத்த நிமிஷம், சவப்பெட்டிக்கு வெளியே வெறுங்கையை நீட்டி வைக்கச் சொன்ன அலெக்சாந்தர் வந்து சேர்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு சொன்னாலும் அவரை வேஷதாரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. சிமென்ட் பெஞ்சில் அவர் பேசியதெல்லாம் அடிவயிற்றிலிருந்து வந்தது. எது முக்கியம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இடைஞ்சல் செய்வது காலண்டர். ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும், பிந்தினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். தம்பியோடு பேசுவதற்குக் கடைசித் தேதி இன்னதென்று எந்த அரசாங்கமும் சுற்றறிக்கை விடவில்லை. ஆகையால் மாதாமாதம் 20-ஆம் தேதிதான் ஜெயிக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் அவர் வீட்டம்மா. (அவர்கள் மாடியில் நான் குடியிருக்கிறேன். காதில் விழுவதைத் தடுக்க முடியாது.) மயானத்திலிருந்து வந்ததும், "உள்ள வராதீங்க, குளிங்க முதல்ல. துண்டு கொடியில கிடக்கு" என்பார். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "இனிமே நமக்குன்னு கொஞ்சம் வாழணும்டி" என்று ஆரம்பிப்பார். "ஆமாங்க" என்று அந்தம்மா போனை நீட்டுவார். ரயில் டிக்கெட் பக்கம் திறந்து தயாராக இருக்கும். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்தபோது ஊரெல்லாம் முணுமுணுத்தது. அந்தம்மாவுக்குக் கவலையில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு ராத்திரி.

எதிர்வீட்டுத் தாத்தா போனதில் ராமேஸ்வரம் பார்த்தார்கள். பெரியப்பா போனதில் வாஷிங் மெஷின் வந்தது. மளிகைக்கடைக்காரர் போனதில் அவருக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பரிசோதித்தாகிவிட்டது. ஒன்றுவிட்ட மாமா ஐசியூவிலிருந்து பிழைத்து வந்துவிட்டார். அதனால் வீட்டுக்கு ஒரு லாபமும் இல்லை.

மூன்று வீட்டுக்காரர் போன அன்று, துண்டோடு நின்றவர் கையில் போனைக் கொடுத்தபோது அது ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. எதிர்முனையில் தம்பி.

"என்னண்ணே, யாரு போயிட்டா?"

"யாரும் போகலடா. சும்மாதான்."

"சும்மாவா?" தம்பிக்குக் குரல் நடுங்கியது. "உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? டாக்டர் என்ன சொல்றாரு?"

வெகுநேரம் பேசினார்கள். அண்ணன் கிணற்றடியை எடுக்கிற சமயம் பார்த்து அந்தம்மா போனை வாங்கி, பொங்கலுக்கு வருகிறோம், ஒரு வாரம் இருப்போம் என்று ஓரகத்தியிடம் சொல்லி, பேச்சோடு பேச்சாக டிக்கெட்டையும் போட்டுவிட்டார்.

"அடியே, 20-ஆம் தேதி ரிட்டர்ன் போடணும்டி!"

"லேப்டாப்பை எடுத்துக்கோங்க. கிணத்தடியில டவர் நல்லா கிடைக்குதாம்."