பெருங்கைக்கு மவுஸ் அமையாமை: காரண ஆராய்ச்சி

மணிக்கட்டில் கை மடங்கும் இடத்தில் குறுக்கே ஓடும் ரேகையில் அடிக்குச்சியின் தொடக்கத்தை வைத்து நடுவிரல் நுனிவரை அளந்தால், 20 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வருமானால், அதை இக்கட்டுரை பெருங்கை எனக் கொள்ளும். சாண் கணக்கு இங்கே உதவாது. விரலை விரித்துக்கொண்டு யாரும் மவுஸ் பிடிப்பதில்லை. பெருங்கை என்பது பயில்வான்களுக்கும் பாஸ்கெட்பால்காரர்களுக்கும் மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க ராணுவம் 1988இல் தன் ஆட்களை அங்கம் அங்கமாக அளந்து எடுத்த கணக்கில் ஆண்களின் சராசரிக் கை நீளமே 19.4 சென்டிமீட்டர் அளவில் நிற்கிறது. 21ஐத் தாண்டியவர்கள் ஏறத்தாழ இருபதுக்கு ஒருவர். நம் நாட்டு உடம்புகளுக்கு, தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்ட அளவு நூல் இருக்கிறது. நாற்காலி செய்கிறவரும் கைப்பிடி செய்கிறவரும் பார்த்துச் செய்யட்டும் என்றே போட்ட புத்தகம் அது. ஆகவே கைகள் பலவிதம் என்பதை இனி யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. விளக்கம் தேடவேண்டியது வேறு ஒன்றுக்கு: இவ்வளவு அளந்து எழுதிவைத்த பிறகும், கடையில் தொங்கும் மவுஸ்கள் எல்லாம் ஏன் ஒரே கையை மனதில் வைத்துச் செய்தவைபோல இருக்கின்றன?

கையின் அளவறிந்து பொருள் விற்பது நடக்கிற காரியமல்ல என்று சொல்ல வளையல் கடை இடம் கொடுக்காது. 2-4, 2-6, 2-8, 2-10 என்று அங்கே அடுக்கிவைத்திருக்கிறார்கள். இரண்டு அங்குலமும், அதற்குமேல் அங்குலத்தைப் பதினாறாகப் பகுத்ததில் இத்தனை பங்கும் உள்விட்டம் என்பது அந்த எண்களின் பொருள். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே இருப்பது அரைக்கால் அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டருக்கென்று ஒரு தனி அடுக்கு. கடைக்கார அம்மா வந்தவரின் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, புறங்கை முட்டிகளைச் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரெண்டு எட்டும்மா" என்று தீர்ப்புச் சொல்கிறார். திருவிழாக் கடையில் டஜன் கணக்கில் விற்கிற கண்ணாடி வளையலுக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு, வேலை நாள் முழுக்கக் கையிலேயே கிடக்கிற கருவிக்குக் கிடைப்பதில்லை. கம்ப்யூட்டர் கடையில் "வயர் வெச்சதா, வயர்லெஸ்ஸா?" என்பார்கள்; பிறகு விலை சொல்வார்கள். வந்தவர் கையை ஒருவரும் பார்ப்பதில்லை.

மவுஸின் அளவு கையைப் பார்த்து எடுத்ததல்ல, பையைப் பார்த்து எடுத்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆதியில் அப்படி இல்லை. டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்து, பில் இங்கிலிஷ் 1964இல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்துகொடுத்த முதல் மவுஸ், மரத்தில் குடைந்த ஒரு பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரு மூலையில் ஒரே ஒரு பொத்தான். சக்கரம் கேட்ட இடத்தைக் கட்டை கொடுத்தது, அவ்வளவுதான். அதை எங்கேயாவது தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. அது இணைந்திருந்த கம்ப்யூட்டரையே நகர்த்த முடியாது. பிறகு வந்த உருண்டை மவுஸ்களுக்கும் ரப்பர் பூசிய கனத்த உருண்டையும் அதை ஒட்டி உருளும் தண்டுகளும் உட்கார இடம் வேண்டியிருந்தது. 1999இல் மைக்ரோசாஃப்ட் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் அடியில் சின்னக் கேமராவும் சிவப்பு விளக்குமாக வந்து உருண்டையை ஒழித்தபோது, மவுஸின் வயிற்றில் பாதி காலியாயிற்று. அந்தக் காலி இடத்தை என்ன செய்வது என்பதில்தான் வரலாறு கிளை பிரிகிறது. கையை நினைத்தவர்கள் கூட்டை அப்படியே விட்டார்கள். பையை நினைத்தவர்கள் கூட்டைச் சுருக்கினார்கள். 2008இன் பிற்பகுதியில் உலக அளவில் லேப்டாப் விற்பனை டெஸ்க்டாப்பை முந்தியபோது இரண்டாம் கட்சி வென்றது. அதன்பிறகு மவுஸ் மேசையின் உறுப்பு அல்ல, பயணச் சாமான்.

இதற்குச் சான்று ஒரே கம்பெனியின் இரண்டு சரக்குகளிலேயே கிடைக்கிறது. 2005இல் வந்த லாஜிடெக் எம்எக்ஸ்518 சுமார் 131 மில்லிமீட்டர் நீளம். பின்னாளில் லேப்டாப்காரர்களுக்கென்று வந்து, இன்று நம்மூர்க் கடைகளில் சாதாரணமாகத் தொங்கும் எம்185 சுமார் 99 மில்லிமீட்டர். இடையே 32 மில்லிமீட்டர். வளையல் கணக்கில் பத்து அளவு. மவுஸ் பிரியர்கள் நடுவே புழங்கும் ஒரு விதி, உள்ளங்கை முழுக்கப் படியப் பிடிப்பவருக்குக் கை நீளத்தில் ஐந்தில் மூன்று பங்காவது மவுஸ் நீளம் வேண்டும் என்கிறது. 21 சென்டிமீட்டர் கைக்கு அது 126 மில்லிமீட்டர். 99 மில்லிமீட்டர் மவுஸோ இதே விதிப்படி 16.5 சென்டிமீட்டர் கைக்கு உரியது. அந்தக் கை உடையவர் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதே இல்லை.

பிடியை மாற்றிக்கொண்டால் போயிற்று, மவுஸ் எதற்கு மாற வேண்டும் என்பது முதல் தடை. உள்ளங்கையைத் தூக்கி விரல்களைக் கொக்கிபோல வளைத்துப் பிடிக்கலாம். அதுவும் கூடாதென்றால் விரல்நுனியால் மட்டும் தள்ளலாம். செய்யலாம்தான். ஆனால் பெருங்கை சின்ன மவுஸை அப்படிப் பிடிக்கும்போது இரண்டு விரல்களுக்கு வேலையும் இல்லை, இடமும் இல்லை. மோதிரவிரல் பாதி மவுஸிலும் பாதி வெளியிலுமாகத் தொங்குகிறது. சுண்டுவிரல் முழுதாக மேசையில் இறங்கி, மவுஸ் போகிற பக்கமெல்லாம் கூடவே இழுபட்டுப் போகிறது. நெடுநாள் புழங்கிய அலுவலக மேசையில் மவுஸ் பேடுக்கு வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு லேமினேட் வழவழவென்று பளபளக்குமானால், அங்கே உட்கார்ந்தவர் கை எப்படிப்பட்டது என்று கேட்காமலே சொல்லிவிடலாம். பிடி மாற்றம் தீர்வு என்பவர், இறுக்கும் செருப்புக்கு விரலை மடக்கிக்கொள் என்கிறவர்.

கேமிங் மவுஸ் பெரிதாயிற்றே, அஃது இருக்கக் குறை என்ன எனின், ஓரளவு உண்மை. ரேசர் டெத்ஆடர் சுமார் 127 மில்லிமீட்டர். பெருங்கையர் பலர் அங்கேதான் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். அடைக்கலத்துக்கு வாடகை உண்டு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கும் கணக்காளரின் கைக்கடியில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி எரிந்துகொண்டிருக்கும். அதை அணைப்பதற்கு ஒரு மென்பொருள் இறக்க வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டரில் அதை இறக்க அனுமதி கிடையாது. மேலும் அந்தத் துறையும் சில ஆண்டுகளாக எடை குறைப்பில் இறங்கி, கூட்டை ஓட்டை ஓட்டையாகத் துளைத்து விற்கிறது. ஒருவர் பையை நினைத்தார், இன்னொருவர் வேகத்தை நினைக்கிறார். கை இரண்டு இடத்திலும் மூன்றாம் மனிதர்தான்.

தடைகளில் வலுவானது காசைப் பற்றியது. பிளாஸ்டிக் கூடு வார்க்க எஃகு அச்சு வேண்டும். அச்சுக்கு ஆகும் செலவு பெரிது. இருபதுக்கு ஒருவருக்காக இன்னொரு அச்சு வெட்டினால் கட்டுப்படியாகாது. இதை மறுக்க வாதம் வேண்டாம், சரக்கே போதும். 2022இல் லாஜிடெக் தன் எம்650ஐ இரண்டு அளவுகளில் கொண்டுவந்தது: சாதாரணம் சுமார் 107, பெரியது சுமார் 118 மில்லிமீட்டர். அச்சு வெட்டினார்கள், கட்டுப்படியும் ஆயிற்று. 118 என்பது 126 அல்ல என்பது வேறு விஷயம். முடியாது என்பது மட்டும் பொய்யாயிற்று. தயாரிப்பாளர் செய்யாததை வெளியார் செய்த கதையும் உண்டு. 1998இல் ஆப்பிள் ஐமேக்கோடு வந்த வட்ட வில்லை மவுஸ் கைக்கும் பற்றாது, எந்தப் பக்கம் முன்பக்கம் என்றும் தெரியாது. அதன்மேல் மாட்டி நீளமாக்கிக்கொள்ள வேறு கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக் கூடு விற்றார்கள். மவுஸுக்கு மேல் இன்னொரு மவுஸின் தோலைப் போர்த்தும் இந்த ஏற்பாடு இரண்டு வருடம் ஓடியது. 2000இல் ஆப்பிள் வில்லையைக் கைவிட்டு நீளமாக ஒன்றைச் செய்தது. உருண்டையை மேலே வைத்து விரலால் உருட்டும் டிராக்பாலுக்குப் போய்விடலாம் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது மவுஸை விட்டு வெளியேறுவதாகும். இக்கட்டுரை உள்ளே இருப்பவர்களைப் பற்றியது.

துணிபு சரியானால் அதிலிருந்து ஒரு கிளை முடிவு தானே வருகிறது: பெருங்கையர் பழைய மவுஸைத் திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்வது கஞ்சத்தனம் அல்ல. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கொண்டுபோய்க் கொடுத்தால் "இதுக்குப் போயா சார்? புதுசு வாங்கிக்கோங்க" என்பார்கள். புதியது இருந்தால் அவர் ஏன் அங்கே வந்து நிற்கப் போகிறார்? பழையதில் முதலில் போவது பெரும்பாலும் இடது பொத்தான். ஒரு தரம் அமுக்கினால் இரண்டு தரம் அடிக்கும். உள்ளே மைக்ரோ ஸ்விட்ச் என்று அரிசிப் பருமனுக்குச் சற்றே பெரிய குமிழ் வைத்த, மூன்று கால் டப்பி ஒன்று இருக்கிறது. அதற்குள் மெல்லிய செம்புத் தகடு. அமுக்கும்போது தகடு ஒட்டிவிட்டு ஒரு துடிப்புத் துடிக்கும். அந்தத் துடிப்பை இன்னொரு அமுக்காக எண்ணிவிடாதபடி மவுஸ் சில மில்லி செகண்டு பொறுத்துக்கொள்ளும். தகடு தளர்ந்து முனையில் களிம்பு ஏறியதும் துடிப்பு நீள்கிறது, பொறுமை போதவில்லை. வைத்தியம் எளிது. அடியில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் பாதங்களை ஹேர் டிரையரில் லேசாகச் சூடுகாட்டி உரித்தால் ஸ்க்ரூ தெரியும். கூட்டைத் திறந்து, இடது ஸ்விட்சையும் வலது ஸ்விட்சையும் ஈயப் பற்றுக் கழற்றி, இடம் மாற்றிப் பற்றவைத்தால் போதும். வலதுக்கு வேலை குறைவு என்பதால் பல வருடம் கழித்தும் அது புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ரகமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பல மவுஸ்களில் அப்படித்தான். மேல் ரப்பர் பிசுபிசுத்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அந்தப் பூச்சையே துடைத்து எடுத்துவிடலாம். அடியில் நல்ல பிளாஸ்டிக் இருக்கிறது.

கூடு உடைந்தால் மட்டும் வழியில்லை. அப்போது சின்ன மவுஸையே வாங்கி வளர்க்க வேண்டியதுதான். குழாய் ஓட்டை அடைக்கும் எம்-சீல் இதற்கு ஏற்றது. இரண்டு துண்டையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, கூட்டின் பின்மேட்டை உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி, அப்பி, ஈரக் கையை மேலே பொத்தினாற்போல் ஒருமுறை படியவைத்து எடுத்தால், உடையவரின் உள்ளங்கையே அச்சு. இறுகியதும் மறுபடி உப்புத்தாள். சில வயர்லெஸ் மவுஸ்களில் மேல்மூடியைத் தூக்கித்தான் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும். அந்த மூடியின் விளிம்பை விட்டு உள்ளே தள்ளி அப்ப வேண்டும். இதைக் கவனிக்காதவர்களின் மவுஸ், கைக்குக் கச்சிதமாகப் பொருந்தி, முதல் பேட்டரி தீரும்வரை நன்றாக உழைக்கிறது.