வினிகருக்கு ரிப்பன் கட்ட முடியாது

கதிர்வீச்சு மெஷின் திறப்பு விழாப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மெஷினுக்கு மாலை, சந்தனம், குங்குமம். அமைச்சர் கையில் கத்தரிக்கோல். சுற்றி நிற்கும் கூட்டத்தில் பெண் என்றால், தாம்பாளம் ஏந்தும் நர்ஸ்தான்.

மெஷின்மேல் குற்றமில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவினால், இடுப்பு முழுக்க 45 கிரே அளவு கதிர்வீச்சு கொடுக்கும் அதே 25 தடவையில், நோய் ஏறிய கணுவுக்கு மட்டும் 55 கிரே பாய்ச்சலாம். குடலையும் மூத்திரப்பையையும் கூடியவரை விட்டுவைக்கலாம். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, அறுவை முடிந்த 300 பெண்களிடம் இத்தகைய குறிவைத்த கதிர்வீச்சைச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டது. மூன்றாண்டில் பழைய முறையில் குடல் பாதித்தவர்கள் 42 சதவீதம். இதில் 21.

ஆனால் கதிர்வீச்சுக்கு, மக்கள் மொழியில் ‘கரண்ட்’ வைக்க, வந்தவர் எங்கே தங்குவார்? ஆஸ்பத்திரி வராந்தாவில். ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். இழுத்தால் நோய் முந்திக்கொள்ளும். மெஷின் மக்கர் செய்தால்? “நாளைக்கு வாம்மா.” புற்றுநோய்க்கும் இதையே சொல்லிப் பார்க்கலாம்.

மெஷின் மில்லிமீட்டர் கணக்கில் குறி பார்க்கிறது. அதில் படுத்திருப்பவரை அதுவரை யாரும் பார்க்கவில்லை. இந்த நோயைத் தரும் வைரஸ் தொற்றிப் புற்றாக முற்ற, பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். அதற்குள் இரண்டு மூன்று நாடாளுமன்றத் தேர்தல் வந்து போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டைத் தேடிப்பிடித்து பூத் சிலிப் கொடுத்தார்கள்.

முன்கூட்டிக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? வினிகர். அதாவது நீர்த்த அசிட்டிக் அமிலம். கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது. அதே டாடா மெமோரியல், மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வை 2013-ல் அறிவித்தது. சோதிக்கப்பட்டவர்களிடையே சாவு 31 சதவீதம் குறைவு. சோதனை செய்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. பத்தாவது படித்துச் சில வாரம் பயிற்சி பெற்ற பெண்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். பாவம், அமைச்சர்களும் என்ன செய்வார்கள்? ‘மாண்புமிகு அமைச்சர் பொற்கரங்களால் வினிகர் பாட்டில் திறந்துவைக்கப்பட்டது’ என்று கல்வெட்டு வைத்தால் எடுபடுமா?

விழிப்புணர்வுக்கு மட்டும் பஞ்சமில்லை. 2024 பிப்ரவரி 1 மத்திய அரசின் இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த நோயைத் தடுக்கும் தடுப்பூசி போடுவதை ஊக்குவிப்போம் என்றார்கள். எத்தனை கோடி என்று சொல்லவில்லை. மறுநாள் நடிகை பூனம் பாண்டே இதே நோயில் இறந்துவிட்டதாக அறிவிப்பு. நாடே உச்சுக்கொட்டியது. அதற்கு மறுநாள் உயிரோடு வந்தார், எல்லாம் விழிப்புணர்வுக்காகத்தானாம். ஏமாற்றிவிட்டார், வழக்குப் போடு என்று ஊரெல்லாம் ஒரே ஆவேசம்.

உலகப் புற்றுநோய்க் கணக்குப்படி, 2022-ல் இந்த நோயில் இந்தியாவில் நிஜமாகவே செத்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். அதற்கு யார்மேல் வழக்கு?