அண்ணனின் இரண்டாவது தடவை

சித்தியவானில் ஓர் அண்ணன் இருக்கிறார். எந்த அண்ணன் என்று கேட்காதீர்கள்; தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி கோப்பிக்கடையில் காலி பீர் போத்தல்களை மேசைக்கடியில் வரிசையாக நிறுத்தி, எண்ணி, காசு கொடுத்துவிட்டு எழுவார். ஒரு கை மேசையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை காடிச் சாவியைத் தேடும். "அண்ணே, பார்த்துப் போங்க" என்று தம்பிகள் வழியனுப்புவார்கள். அண்ணனும் பார்க்கத்தான் செய்கிறார். ஆயர் தாவார் போகும் ரோடு அவருக்கு இரண்டாகத் தெரிகிறது; எதில் ஏறுவது என்பதுதான் குழப்பம்.

அரசாங்கம் அண்ணனைக் கண்டிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த கையோடு குடிகாரர்கள் அடுத்தடுத்து ரோட்டில் ஆட்களைச் சாகடிக்க, நாடே கொதித்தது. அக்டோபர் 23 முதல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையானது. 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை அனுமதி என்றிருந்ததை 50 ஆக்கினார்கள். அளவு மீறி ஓட்டினால் 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், கூடவே இரண்டு வருடம் வரை சிறை. மறுபடி செய்தால் 20,000 முதல் 50,000, ஐந்து வருடம் வரை உள்ளே. ஆளைக் கொன்றால் 10 முதல் 15 வருடம். மறுபடியும் கொன்றால் 15 முதல் 20 வருடம். லைசென்ஸும் குறைந்தது 20 வருடத்துக்குக் கிடையாது.

மறுபடியும் கொன்றால்! என்ன ஒரு முன்யோசனை. ஒருவன் குடித்துவிட்டு ஒரு குடும்பத்தை அழித்து, சிறைக்குப் போய்த் திரும்பி, திரும்பக் குடித்து, இன்னொரு குடும்பத்தையும் அழிப்பான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அண்ணனை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த இருபது வருடமும் கழிந்தபின் அவர் லைசென்ஸ் கேட்டு வரிசையில் நிற்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்றாவது குடும்பம் எது என்பது மட்டும்தான் பாக்கி.

சரி, லைசென்ஸ் போய்விட்டது. காடி? அது வீட்டு வாசலிலேயே நிற்கிறது. சாவி சுவரில் ஆணியில் தொங்குகிறது. அண்ணன் ஓட்டுவது லைசென்ஸை அல்ல, காடியை. ஆஸ்திரேலியாவிலும் சுவீடனிலும் குடித்து ஓட்டிப் பிடிபட்டவர்களின் காடிக்குள்ளேயே ஒரு கருவி வைக்கிறார்கள். ஓட்டுநர் அதில் ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இருந்தால் எஞ்சின் உயிர் பெறாது. நம் 2020 திருத்தத்தில் சிறை இருந்தது, அபராதம் இருந்தது, இந்தப் பூட்டு மட்டும் இல்லை. செத்தபின் தண்டிக்கத் தெரிந்த நமக்குச் சாவதற்கு முன் இடையில் நிற்கத் தெரியவில்லை.

இத்தனைக்கும் சட்டம் சொல்லும் அந்த 'இரண்டாவது தடவை' அண்ணனுக்கு இரண்டாவதுதானா என்பதே சந்தேகம். நிஜத்தில் எட்டாவதோ பத்தாவதோ இருக்கும். முன்பு ஒரு தடவை லோங்காங்கில் காடியை இறக்கினார், தம்பிகள் தூக்கிவிட்டார்கள். இன்னொரு தடவை மோட்டாரில் வந்த ஒரு பையனை இடித்தார். போலீஸ் பாலாய்க்குப் போகுமுன் மேலிடத்துக் 'கேபிள்' உள்ள ஒரு தலைவர் வந்தார். "நம்ம பையன்தானே, பேசி முடிச்சுக்குவோம்." பையனின் அப்பாவுக்கு ஐந்நூறு வெள்ளி, ஒரு கும்பிடு. கணக்கில் ஏறாத குற்றம் எப்படி முதல் குற்றமாகும்? அதே தலைவர் அடுத்த மாதம் சமுதாயம் சீரழிவது பற்றி மேடையில் கண்ணீர் விடுவார். மேசைக்கு நான்கு பீர் வைத்த விருந்து மேடை அது.

தோட்டத்தில் இருந்தபோதும் நாம் குடித்தோம். கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வெள்ளைக்காரன் வைத்தான். கூலி அவன் எல்லைக்குள்ளேயே கரைந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. துப்பாக்கிக்கு முன் நின்று அதைக் கேட்டவர்களின் பேரன்தான் இந்த அண்ணன். அந்தக் காலத்துக் குடிகாரன் லயத்துக்கு நடந்துதான் போக வேண்டும். லோங்காங்கில் விழுந்தால் அவன் எலும்புதான் முறியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, நாம் தாமானுக்கு வந்தோம், காடி வாங்கினோம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. அன்று ஒருவன் குடித்தால் ஒருவன் விழுந்தான்.

கிராப் கூப்பிடலாமே என்றால், பத்துப் பதினைந்து வெள்ளி தண்டமாம். இருநூறு வெள்ளிக்குக் குடித்தவருக்கு அந்தக் கணக்கு மட்டும் போதையிலும் தப்புவதில்லை.

இப்போதைக்கு அண்ணனின் காடிக்கு ஒரே பூட்டு அண்ணிதான். முடிந்த நாளில் சாயங்காலமே ஆணியிலிருந்து சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைக்கிறார். அண்ணன் கத்துகிறார், கதவை உதைக்கிறார், கை ஓங்குகிறார். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கூடுகிறது. அங்கிருந்து ஒரு நல்ல மனிதர் எட்டிப் பார்த்து அண்ணிக்குத்தான் புத்தி சொல்கிறார்: "சாவியைக் கொடுத்துத் தொலைம்மா, ஊரு தூங்க வேணாமா?"