மூன்று மாத முன்பணம்: ஒரு நன்றி மனு

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 11-ஆம் பிரிவு – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு விடைகொடுத்துவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தங்கள் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓனர் அதை ஒப்பந்தத்தில் எழுதித்தானே வாங்குகிறார்? ஆக, மீறவே முடியாத தடை ஒன்றை இயற்றியிருக்கிறீர்கள். இதே பாணியில், வண்டி ஓட்டுபவருக்கு விருப்பமில்லாத பட்சத்தில் தவிர, ஹெல்மெட் கட்டாயம் என்றும் ஆணையிடலாம்.

இருவர் மனமொத்து எழுதிக்கொள்வதில் அரசுக்கு என்ன வேலை என்பார்கள். வாடகை 15,000 ரூபாய் என்றால் பத்து மாதத்துக்கு ஒன்றரை லட்சம். சட்டத்தின் கணக்கில் 45,000. மீதி 1,05,000 ரூபாயை வட்டியில்லாமல் கொடுத்துவைக்க, பள்ளி திறக்குமுன் வீடு பிடித்தாக வேண்டிய குடும்பம் மனமொத்துத்தான் கையெழுத்துப் போடுகிறதாம். இரு தரப்பும் சமமாகப் பேரம் பேச முடியுமென்றால் உச்சவரம்பே எதற்கு? ஓனர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வாடகை பாக்கி வைப்பவரும், காலி செய்ய மறுப்பவரும் இருக்கிறார்கள். அதற்கான மருந்தும் இதே சட்டத்தில் இருக்கிறது. பாக்கியை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். குடித்தனம் முடிந்த பிறகும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதம் இரு மடங்கு, அப்புறம் நான்கு மடங்கு வாடகை தர வேண்டும். அங்கே மட்டும் ‘வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை’ என்ற இழுவை இல்லை. பழைய குடித்தனங்களுக்கு இருவரும் எழுத்து ஒப்பந்தம் போடத் தவறினால், 21-ஆம் பிரிவில் அதுவே வெளியேற்றக் காரணம். தவறுவது இருவர், மூட்டை கட்டுவது ஒருவர்.

ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம், ஒப்பந்தத்தில் எவ்வளவு பேசினாலும் குடியிருப்புக்கு இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அவ்வளவு கறாராகத் தாங்கள் இருக்க வேண்டியதில்லை. விதிவிலக்கை நீக்க மனம் வராவிட்டால், ‘மூன்று மாத வாடகை’ என்பதை நீக்கி ‘ஓனர் கேட்கும் தொகை’ என்று திருத்தி, அரசிதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடகைக் குடித்தனக்காரர் ஒருவர்