கடற்காட்சி: கடைசி விலை ஒரு டாலர்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கடலோரம் வீடு வாங்குகிறவர்கள், பாதி விலையைச் சன்னலுக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்தச் சன்னலுக்கு எதிரே அரசாங்கமே வந்து 22 அடி உயரத்துக்கு மணலைக் குவித்தால்?

ஹார்வி சீடர்ஸ் என்ற சிற்றூரில் ஒரு முதிய தம்பதிக்கு அதுதான் நடந்தது. மணல்மேட்டுக்காக அவர்கள் நிலத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்ட நகராட்சி, இழப்பீடாக 300 டாலரை நீட்டியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பறிபோன காட்சியை ஜூரிகள் எடைபோட்டு 3,75,000 டாலர் என்றார்கள். நகராட்சிக்கு மூச்சு நின்றது, மேல்முறையீட்டுக்கு ஓடியது.

அதற்குள் 2012 அக்டோபரில் சாண்டி புயல் சம்மன் இல்லாமலே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனது. மாண்டலோக்கிங் என்ற ஊரில் கடல் நிலத்தைப் பிளந்து பின்பக்கத்து விரிகுடாவைத் தொட்டது, வீடுகளையும் கூட்டிக்கொண்டு. ஹார்வி சீடர்ஸ் வீடுகளோ மேட்டுக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றன. மறைந்த காட்சியைக் கணக்கில் எழுதினால் பிழைத்த வீட்டையும் எழுத வேண்டும் என்று 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. தொகை ஒரே ஒரு டாலர். முதலில் நீட்டிய 300ஐ வாங்கிக்கொண்டிருக்கலாம்.

மேடு போடும் வைபவமும் லேசானதல்ல. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நிற்கும் தூர்வாரும் கப்பல் மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சி, இரும்புக் குழாய் வழியே கரைக்கு அனுப்பும். புல்டோசர்களுக்கு இரவும் இல்லை, ஞாயிறும் இல்லை. பின்னால் வரும்போதெல்லாம் அவை போடும் ‘பீப்’ சத்தமும் அப்படியே. கோடை வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டு வந்த குடும்பம், வாசலுக்கு எதிரே கடற்கரை அடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, குடையும் நாற்காலியும் குழந்தையுமாக அடுத்த தெருவுக்கு நடக்கும்.

சர்ஃப் சிட்டி என்ற ஊருக்கு மணலோடு இனாமும் கிடைத்தது. முதல் உலகப்போர்க் காலத்து வெடிபொருள்களை எப்போதோ ராணுவம் கடலில் கொட்டியிருந்தது. கப்பல் அவற்றையும் உறிஞ்சி, கடற்கரையில் சீராகப் பரப்பிவிட்டது. 2007இல் விஷயம் தெரிந்து கடற்கரையை மூடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொறுக்கினார்கள்.

மார்கேட் நகரம் கடைசிவரை ‘மேடு வேண்டவே வேண்டாம்’ என்று நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியது. 1881இல் கட்டிய லூசி என்ற ஆறு மாடி மர யானை நிற்கும் ஊர் அது. மேடு வந்தாலும் கடல் தெரியும் என்ற உத்தரவாதம் லூசிக்கு மட்டுமே இருந்தது. 2017 கோடையில் வேலை தொடங்கியது, மழையும் தொடங்கியது. மேட்டுக்கும் பழைய தடுப்புச்சுவருக்கும் நடுவே தண்ணீர் குளமாகத் தேங்க, நீதிபதி வேலையைச் சிறிது காலம் நிறுத்தினார். கடலைத் தடுக்கப் போட்ட மேடு குளத்தை வெட்டிக் கொடுத்திருந்தது. மணல்மேட்டை எதிர்ப்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டிவந்த அப்போதைய மாநில ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, அதே ஆண்டு ஜூலையில், அரசு முடக்கத்தால் மக்களுக்கு மூடிய ஒரு பூங்காக் கடற்கரையில் குடும்பத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து நாடே சிரித்தது. அவர் பார்வையை எந்த மேடும் மறைக்கவில்லை.

தெற்கே வைல்ட்வுட்டில் சிக்கல் தலைகீழ். மணல் மிஞ்சிப்போய், தண்ணீரைத் தொடுவதற்குள் கால் ஓய்ந்துவிடும். பக்கத்து நார்த் வைல்ட்வுட்டிலோ கடல் மணலை அள்ளிக்கொண்டே போகிறது. அதனால் அந்த ஊர் ஆண்டுதோறும் வைல்ட்வுட்டிலிருந்து லாரியில் மணல் ஏற்றி வந்தது. அனுமதியில்லாமல் மேடுகளைத் தொட்டதாக மாநில அரசு கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. நகரம் எதிர்வழக்குப் போட்டது. இதற்கிடையே ஓரிடத்தில் அரிப்பு முற்றி, கடற்கரையே காணாமல்போனது. மணல் லாரிகள் போய்வந்த பாதையும் அதுதான்.