பூஜ்யம் மில்லிமீட்டர்

ஒரு பொருளை அறிவதற்குப் பிரத்தியட்சம், அநுமானம், சப்தம் என்று நம் தர்க்க சாஸ்திரிகள் பல பிரமாணங்களை வகுத்து வைத்தார்கள். கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்துக்கோ, தன் எதிரிலேயே மேஜைமீது வீற்றிருக்கும் மானிட்டரை அறிவதற்கு இவற்றுள் முதலாவது அடியோடு கிடையாது. நேரில் வந்து நிற்கும் ஓய்வூதியக்காரரை நோக்கி, தாங்கள் உயிரோடிருப்பதற்கு வாழ்நாள் சான்றிதழ் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று வினவும் குமாஸ்தாவின் சுபாவம் அதற்கு.

இந்தச் சான்றிதழுக்கு ஈடிஐடி என்று பெயர். வெசா என்னும் சங்கத்தார் 1994-ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, மானிட்டர் ஒவ்வொன்றும் தன்னைச் செய்தவர் யார், எந்த வருஷத்தில் எந்த வாரத்தில் செய்தார்கள், தன் அகலம் உயரம் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை புள்ளிகளைத் தாங்கும் என்பவற்றையெல்லாம் 128 பைட்டுகளில் எழுதித் தன்னுள்ளேயே வைத்திருக்கும். அந்த 128 எண்களையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் சான்றிதழ் செல்லாது.

பாப்பாரப்பட்டியில் என் மேஜையைக் காற்றுக்காகச் சன்னலோரம் நகர்த்தியபோது பழைய கேபிள் எட்டாமற் போகவே, தருமபுரிக்குச் சென்று நீளமான வி.ஜி.ஏ. கேபிள் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். திரையின் முகப்பில், ஒகேனக்கல் கரையில் நிமிர்த்திச் சாய்த்திருந்த ஒரு பரிசலும் அதன் பக்கத்தில் என் மைத்துனரும் இருக்கும் படத்தை வைத்திருந்தேன். பரிசல் முட்டை வடிவாகிவிட்டது. இயல்பாகவே தேகபுஷ்டியுள்ள மைத்துனரைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. ஸ்கேலை வைத்துப் பரிசலை அளந்தேன்: உயரம் 9 சென்டிமீட்டர், அகலம் 12. கணக்கு பிசகவில்லை, 1024-க்கு 768 புள்ளிகள் என்னும் நாலுக்கு மூன்று படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் இழுத்து நிரப்பினால், மைத்துனர் உட்பட யாவும் அகலத்தில் மூன்றிலொரு பங்கு பெருகத்தான் வேண்டும்.

இஞ்சினீயரிங் படிக்கும் என் மருமான் வந்து பார்த்து, "லினக்ஸைத் தூக்கிட்டு வேற போட்டுடலாம் மாமா" என்றான். எந்த வியாதிக்கும் இந்தத் தலைமுறை சொல்லும் வைத்தியம் அதுவேயாதலால், நான் அதைக் காதில் வாங்காமல், திரையின் நிலவரம் சொல்லும் எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளையைத் தட்டச் சொன்னேன். மானிட்டர் இணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்ட அந்த அறிக்கை, அதே வரியில் அதன் பரிமாணம் 0 மில்லிமீட்டருக்கு 0 மில்லிமீட்டர் என்றும் கூசாமல் தெரிவித்தது. இருவர் சேர்ந்து தூக்கி வைத்த பொருள் அது! சான்றிதழ் வராதபோது, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் அநுமானத்தில் இறங்கி, எந்த மானிட்டரும் தாங்கக்கூடியது என்று கருதி, 1024-க்கு 768 என்னும் பத்தியச் சாப்பாட்டை அளிக்கிறதாம். இந்த முன்ஜாக்கிரதையை நான் முற்றிலும் பழிக்கமாட்டேன். பழைய குழாய் மானிட்டர்களுக்குத் தப்பான அதிர்வெண்ணைக் கொடுத்தால் அவை கெட்டுப்போகக்கூடும் என்று அக்காலத்துக் கையேடுகளே எச்சரித்தன.

பிறகு, திரைக்கு வேண்டிய கணக்கைப் போட்டுத்தரும் சி.வி.டி. என்னும் கட்டளையிடம் 1920, 1080, 60 என்று கேட்க, அது 173.00 என்று தொடங்கி 1120-இல் முடியும் எண்களை ஒரே வரியில் உதிர்த்தது. அவற்றை எக்ஸ்ரேண்டரிடம் புதிய முறையாகப் பதிந்து, மானிட்டருக்குச் சேர்த்து, அமல்படுத்தியதும் பரிசல் வட்டமாயிற்று. (மடிக்கணினிகளில் பெருவழக்காயிருந்த 1366-ஐ இந்தக் கட்டளையிடம் கேட்பவர்களுக்கு 1368 கிடைக்கும், எட்டால் வகுபடாத அகலத்தை அது அங்கீகரிப்பதில்லை.) மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் மீண்டும் முட்டை. அதை நிரந்தரமாக எழுதிவைக்கவும் வழியுண்டுதான். ஆனால் நோயின் மூலத்தைக் காணாமல் தினமும் மருந்து கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

மருமான் கேபிளைக் கழற்றிப் பார்த்து, ஒன்பதாவது பின் இல்லை என்று குதூகலித்தான். பாவம், அது நிரபராதி. அந்தப் பின் இல்லாமலேயே எத்தனையோ கேபிள்கள் நன்றாக உழைக்கின்றன. டி.வி. மெக்கானிக் ஒருவர் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பின் பின்னாக இரு புறமும் தொட்டுக்கொண்டே போனார். பன்னிரண்டில் சத்தம் வரவில்லை, பதினைந்திலும் வரவில்லை. "பின்னு இருக்குதுங்க சார், உள்ள ஒயரு இல்லீங்க. செம்பை மிச்சம் புடிச்சிருக்கான்." சிவப்பும் பச்சையும் நீலமும் போகும் முதல் மூன்று வழிகள் செம்மையாயிருந்தமையால் படம் வந்தது, சான்றிதழ் போகும் இரண்டு வழிகள் மட்டும் வெறும் அலங்காரம்.

அவரே கொடுத்த வேறு கேபிளைப் பூட்டியதும், மானிட்டர் தன் பிறந்த வாரம் முதற்கொண்டு சகலத்தையும் ஒப்பித்தது. 1920-க்கு 1080 தானே வந்து நின்றது. பட்டா நகல் பார்க்க வந்து உட்கார்ந்த என் மனைவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் சற்று நேரம் திரையை உற்றுப் பார்த்தாள்.

"எழுத்தெல்லாம் எள்ளு மாதிரி ஆயிடுச்சுங்களே. நேத்து வரைக்கும் நல்லா பெருசாத்தான இருந்துச்சு? அந்தப் பழைய ஒயரையே மாட்டி விடுங்க."