லாரி நெற்றியில் பாஸ்வேர்டு

எலுமிச்சையும் மிளகாயும் முன்னால் தொங்கும், பம்பரில் கறுப்புக் கயிறு, ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய். லாரியின் பாதுகாப்பில் நாமக்கல் வட்டாரத்துக்காரர்கள் ஒரு குறையும் வைப்பதில்லை. மோகனூரில் லாரி ஆபீஸ் நடத்தும் என் மாமா இன்னும் ஒரு படி மேலே: டீசல் டேங்க் மூடிக்குத் தனிப் பூட்டு, ஸ்டெப்னிக்குச் சங்கிலி.

அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு என்ன பாஸ்வேர்டு தெரியுமா? அவர் முதன்முதலில் வாங்கிய லாரியின் நம்பர். டி.என். 28 என்று தொடங்கும் அந்த ரகசியம் முன்னாலும் பின்னாலும் பளிச்சென்று எழுதப்பட்டு, குவாஹாட்டி வரை லோடு ஏற்றிக்கொண்டு போய் வருகிறது.

பேச்சைக் கிளப்பியது கணக்கெழுதும் அம்மிணி. குழந்தை பிறந்து பரமத்தி வேலூரில் அம்மா வீட்டில் இருப்பவர், அங்கிருந்தே டேலியில் கணக்குப் போட வழி கேட்டார். "அதான் ஏற்கெனவே வழி இருக்குதே" என்றார் மாமா. இருந்தது. ஆடிட்டர் பார்ப்பதற்காக யாரோ ஒரு பையன் எப்போதோ ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டுப் போயிருந்தான். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகக் காத்திருக்கும் வாசல் அது. டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டவர் ஆபீஸ் வாசலை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்.

"நம்மகிட்ட என்ன மாப்ள இருக்குது திருட? ஃபாஸ்டேக் பில்லும் டிரைவர் படிக்கணக்கும்தான."

இந்தக் கேள்வியைக் கேட்காத முதலாளியை நான் பார்த்ததில்லை. திருட வருகிறவன் மோகனூர் என்று பார்த்து வருவதில்லை. ஒரு புரோகிராம் இணையத்தில் இருக்கும் முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும், திறந்திருந்தால் நுழையும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற புரோகிராம் அப்படித்தான் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, சாவிக்கு 300 டாலர் பிட்காயினில் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

மாமாவின் கம்ப்யூட்டரில் ஓடுவதோ விண்டோஸ் 7. அதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியோடு கைகழுவிவிட்டது. 2019-இல் அதன் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'புளூகீப்' என்றொரு ஓட்டை வெளிவந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வந்துவிடலாம். லாரி நம்பரைத் தெரிந்துகொள்ளும் சிரமம்கூட வேண்டாம். அதே வருஷம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்ததை அக்டோபர் 30-ஆம் தேதி அதிகாரப்பூர்வமாக ஒப்புக்கொண்டார்கள். உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தனி நெட்வொர்க்கில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அங்கேயே நுழைஞ்சுட்டானா?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பயம் வந்ததும் சேல்ஸ்மேன் வந்தார். டை கட்டியிருந்தார். வெளியாளைத் தடுக்கும் ஃபயர்வால் பெட்டியைப் பற்றி அவர் சொன்னதில் பாதி பொய்யில்லை. முப்பது நாற்பது கம்ப்யூட்டர் உள்ள மில்லுக்கு அது தேவைதான். விலையைக் கேட்டு மாமா, "ரெண்டு ஜதை டயர் போட்ருவனே" என்றார். வருஷாவருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் புது வைரஸ் விவரம் எதுவும் வராது என்றதும், "இன்சூரன்சு, எஃப்.சி., நேஷனல் பர்மிட்டு, இப்ப இதுக்கும் ஒண்ணா?" என்று எழுந்து டீ சொல்லப் போய்விட்டார்.

நான்கு பேர் ஆபீசுக்கு அந்தப் பெட்டி வேண்டாம் என்பது என் கட்சி. நாமாகத் திறக்காதவரை சாதாரண ரௌட்டரே வெளியாளை உள்ளே விடாது. 3389-ஐ மூடிவிட்டு, புது விண்டோஸ் போட்டு, விபிஎன் வைத்தால் போதும். ஓபன்விபிஎன், வயர்கார்டு இரண்டுமே இலவசம். விபிஎன் என்றால் என்ன என்று விளக்க நான் படம் போட ஆரம்பிப்பதற்குள், "தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுன லோடு மாப்ள. வண்டி போறது தெரியும், சரக்கு தெரியாது" என்று அவரே முடித்துவிட்டார். எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் இதற்கு மூன்று வகுப்பு எடுத்தார்.

ஓபன்விபிஎன் வைத்தோம். தினசரி பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கி, காப்பி எடுத்ததும் கழற்றி, ஆர்.சி. புக்குகளோடு பீரோவில் வைக்கச் சொன்னேன். செருகியே வைத்திருந்தால் வருகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். இதை மட்டும் மாமா ஒரு கேள்வியும் கேட்காமல் செய்தார். பீரோவில் பூட்டுவது அவருக்குப் புரிந்த தொழில்நுட்பம். அடுத்த ஆயுத பூஜைக்கு ரௌட்டருக்குச் சந்தனம் வைத்து, காற்றுத் துவாரங்களை அடைத்ததும் அவர்தான்.

விபிஎன்னுக்குள் நுழைய, பாஸ்வேர்டோடு செயலியில் வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும் என்று வைத்தோம். "எண்ணு என் போன்லதான் வரோணும்" என்று அடம்பிடித்தார் மாமா. முப்பது விநாடிக்கொரு முறை மாறும் எண் அது. ஒரு முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் இருந்தவருக்கு அம்மிணி போன் போட்டார். மாமா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் எண் மாறிவிட்டது. அடுத்த எண்ணை அவர் ஸ்பீக்கரில் கத்த, கெட்டிமேளம் முழங்க, "மாமா, கடைசி ரெண்டு நம்பர்?" என்று அம்மிணி கத்த, பந்தி முழுக்க ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆகவே சிறுதொழில் முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம்: அந்தச் செயலி, வேலை பார்ப்பவரின் போனிலேயே இருக்கட்டும்.